ஜப்பானுக்குக் கும்பலாகப் போனால்

ஜப்பான் டூர் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது "எத்தனை பேர் போறீங்க?" என்றுதான். இரண்டு பேர், நாலு பேர் என்றால் பேச்சு சுருக்கமாக முடிந்துவிடும். பத்துப் பேருக்கு மேல் என்றால் உட்கார வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. அந்த ஊர் கும்பலுக்காகக் கட்டிய ஊர் இல்லை. சாப்பாட்டுக் கடையில் மேசை இரண்டு பேருக்கு, டாக்ஸி நாலு பேருக்கு, சந்து ஒற்றை வரிசைக்கு. நாமோ ஊட்டிக்கு வேன் பிடித்து, பாட்டுப் போட்டுக்கொண்டு, வழியில் புளிசாதம் பிரித்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அங்கே போய் ஒழுங்காகச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால், முதல் வேலையாகக் கும்பலைப் பிரித்துவிட வேண்டும். நண்பர்களோடு போவதே சேர்ந்து இருக்கத்தானே என்று கேட்பீர்கள். ராத்திரி சேர்ந்து இருங்கள், பகலில் பிரிந்து திரியுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

நாங்கள் கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில் காலையில் நடக்கிறவர்கள். நடக்கும் நேரத்தைவிட நடந்து முடித்து டீக்கடையில் நிற்கும் நேரம்தான் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள், உண்மைதான். சிலர் மனைவியோடு, சிலர் ஒற்றையாக, மொத்தம் ஒரு டஜன் பேர் கிளம்பினோம். பாதிப் பேர் சைவம். டூர் ஏஜெண்ட் முதலில் கொடுத்த திட்டத்தில் எல்லா நாளும் பஸ், எல்லா ராத்திரியும் 'இந்தியன் டின்னர்'. கூட வந்த மணி அதைப் பார்த்துவிட்டு, "பன்னீர் பட்டர் மசாலா திங்கறதுக்கு எதுக்குடா அவ்வளவு தூரம்? காந்திபுரத்துலயே முடிச்சுக்கலாம்" என்றான். அதனால் ஹகோனே மலைப் பக்கம் மட்டும் பஸ், டோக்கியோ, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா, ஒசாகா எல்லாம் ரயில் என்று மாற்றச் சொன்னோம். கூட வர தமிழ் தெரிந்த ஒரு டூர் மேனேஜர். செலவும் கொஞ்சம் குறைந்தது, ஊரும் கண்ணில் பட்டது.

முதல் அதிர்ச்சி ரயிலில். டோக்கியோவில் காலை எட்டு மணி ரயிலில் ஆள்மேல் ஆள் சாய்ந்து நிற்பார்கள், பேச்சுச் சத்தமே இருக்காது. போனை சைலண்டில் வையுங்கள், பெட்டிக்குள் போனில் பேசாதீர்கள் என்று அறிவிப்பு மட்டும் வரும். எங்கள் ஆட்கள் ஏறும்போதே இரண்டு கதவு வழியாக ஏறிவிட்டார்கள். இந்தக் கோடியிலிருந்து துரை அண்ணன் அந்தக் கோடிக்குக் குரல் கொடுக்கிறார்: "செல்வம், எந்த ஸ்டாப்புல எறங்கோணும்?" அந்தப் பக்கத்திலிருந்து செல்வம் அதைவிடச் சத்தமாகப் பதில். யாரும் முறைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் குனிந்து தங்கள் போனையே பார்த்தார்கள், அவ்வளவுதான். இறங்கிய பிறகு டூர் மேனேஜர், "இங்க யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க சார். நம்ம பக்கத்துல இருந்து நகர்ந்து நின்னாலே சொல்லிட்டாங்கன்னு அர்த்தம்" என்றார். திட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு, திட்டாமல் விட்டால் என்ன தப்பு நடந்தது என்றே தெரிவதில்லை.

அன்றைக்கே மூன்று அணியாகப் பிரிந்தோம். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. யார் யாருக்கு நெருக்கம் என்று பார்த்துப் பிரித்தால் சாயங்காலத்துக்குள் சண்டை வரும். முழங்காலைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஜப்பானில் ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் காலடி நடப்பது சாதாரணம். ஸ்டேஷனுக்குள்ளேயே அதில் கணிசமான பங்கு போய்விடும். வேகமாக நடக்கிறவர்கள் ஒரு அணி, உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறவர்கள் ஒரு அணி, கடைக்கடையாக ஏறி இறங்குகிறவர்கள் ஒரு அணி. ஒவ்வொரு அணியிலும் கூகுள் மேப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர். ரயிலுக்குள் பேச்சு கிடையாது, எல்லாம் வாட்ஸ்ஆப்பில் எழுத்தில்.

இணையத்துக்கு ஆளுக்கொரு இ-சிம் போட்டுக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு ஒரு பாக்கெட் வைஃபை வாங்கினால், அந்தப் பெட்டியை வைத்திருப்பவரைவிட்டு மற்ற மூன்று பேரும் நகர முடியாது. அவர் பாத்ரூம் போனால்கூட இவர்களுக்கு நெட் போய்விடும். டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாசல்கள். "கிழக்கு வாசல்ல நிக்கிறேன்" என்று சொல்லி அங்கே ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் வைத்த விதி ஒன்றுதான்: பிரிந்துபோனால் தேடக் கூடாது, நிற்கக் கூடாது, அடுத்து போக வேண்டிய இடத்துக்கு நேராக வந்துவிட வேண்டும். ஓட்டல் முகவரியை ஜப்பானிய எழுத்தில் அச்சடித்த அட்டை எல்லோர் சட்டைப் பையிலும் இருந்தது. எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடது பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலது பக்கம். முன்னால் நிற்பவரைப் பார்த்து நின்றுகொண்டால் போதும், மனப்பாடம் செய்ய வேண்டாம்.

பெட்டி விஷயம் தனி. கியோட்டோ ஸ்டேஷனில் ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். ஒரு டஜன் பேர், ஆளுக்கு ஒன்றரைப் பெட்டி. அந்த நேரத்துக்குள் இறக்கி முடிக்கவே முடியாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டுகிற பெட்டிக்கு, அதை வைக்க இடமுள்ள சீட்டை முன்கூட்டியே பதிய வேண்டும். தனிக் கட்டணம் இல்லை. பதியாமல் கொண்டுபோனால் 1,000 யென் அபராதம். இதற்கு அந்த ஊரிலேயே அருமையான வழி இருக்கிறது. தக்யூபின் என்று சொல்கிறார்கள், கூரியர்தான். டோக்கியோ ஓட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்துச் சீட்டு எழுதினால் மறுநாள் கியோட்டோ ஓட்டலில் இருக்கும். அளவைப் பொறுத்து ஒரு பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென். நாங்கள் போனபோது ஒரு யென் அறுபது பைசாவுக்குக் கொஞ்சம் குறைவு, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்களில் சிலர் பெட்டியை ஊர் பேர் தெரியாத ஆளிடம் கொடுப்பதா என்று தயங்கினார்கள். மறுநாள் கியோட்டோ அறைக்குள் பெட்டிகள் வரிசையாக நின்றதைப் பார்த்த பிறகு, அடுத்தடுத்த ஊருக்கு அவர்கள்தான் முதலில் சீட்டு எழுதினார்கள். ஒரு ராத்திரிக்கான துணியை மட்டும் தோள்பையில் எடுத்துக்கொண்டால் போதும். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது 'ஈ' சீட்டுப் பக்கம் ஜன்னலில் ஃபூஜி தெரியும், ஏறி முக்கால் மணி நேரத்தில். மேகம் விட்டால்.

ஃபூஜி 3,776 மீட்டர். அவ்வளவு உயரம் இருந்தும் ஒளிந்துகொள்வதில் கெட்டிக்கார மலை. கவாகுச்சி ஏரிப் பக்கம் ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோருக்குப் பின்னால் அந்த மலை எழுந்து நிற்கிற மாதிரி படம் எடுக்கச் சுற்றுலாக்காரர்கள் ரோட்டை மறித்து, குப்பை போட்டு, 2024 மே மாதத்தில் அந்த ஊர்க்காரர்கள் இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கறுப்புத் திரையே கட்டினார்கள். கியோட்டோவில் கெய்ஷாக்கள் இருக்கும் கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் நுழைந்தால் 10,000 யென் என்று பலகை. இதையெல்லாம் கிளம்பும் முன்பே குழுவில் சொல்லிவிட்டோம். கிமோனோ போட்ட பெண்ணைப் பார்த்தால் பின்னாலேயே போனைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது என்பதை மட்டும் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஹகோனே பஸ் டிரைவர் வெள்ளைக் கையுறை போட்டு வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் தலை குனிவார். எட்டு மணி என்றால் எட்டு மணிக்குச் சக்கரம் உருளும். "ரெண்டு நிமிஷம், ரூமுக்குப் போய்ட்டு வந்தர்றேன்" என்பது அங்கே செல்லாது. அவர் கோபப்படவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார், டூர் மேனேஜரைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து எங்கள் ஆட்கள் பத்து நிமிடம் முன்பே வந்து நின்றார்கள்.

இனிச் சாப்பாடு. சைவக்காரர்களுக்கு ஜப்பான் கஷ்டம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டில் தெரிகிற மீனை ஒதுக்கிவிடலாம். தெரியாத மீன்தான் பிரச்சினை. தாஷி என்கிற சாறுதான் அவர்கள் சமையலுக்கு அடிப்படை. பெரும்பாலும் காய்ந்த போனிட்டோ மீன் சீவலைப் போட்டு எடுப்பது. மீசோ சூப், உடோன் நூடுல்ஸ், காய்கறி வேகவைக்கும் தண்ணீர், எல்லாவற்றிலும் அது இருக்கும். "வெஜிடேரியன்" என்று சொன்னால் கறித்துண்டு இல்லாமல் கொண்டுவருவார்கள், சாறு இருக்கத்தான் செய்யும். ஏமாற்றுவதில்லை, அவர்கள் கணக்கில் அது மீனே இல்லை. அதனால் இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை வேண்டாம் என்று தனித்தனியாக ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை காட்டுங்கள். அட்டையைப் படித்துவிட்டு ஒரு கடைக்காரர் நிஜமான வருத்தத்தோடு இரண்டு கையையும் குறுக்கே வைத்து 'எக்ஸ்' காட்டினார். அதைவிட நேர்மையான பதில் கிடையாது. கியோட்டோவில் புத்த மடங்களின் ஷோஜின் சமையல் கிடைக்கிறது, முழுக்கச் சைவம். விலை கூடுதல், அளவு குறைவு. ஒரு நாள் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

எங்களைக் காப்பாற்றியது தயிர் சாதம். ஜப்பான் அரிசி சோறு ஒட்டிக்கொண்டு குழைவாக இருக்கும். சாம்பாருக்குச் சரிப்படாது, தயிருக்கென்றே செய்தது மாதிரி. சூப்பர் மார்க்கெட்டில் வேகவைத்த சோறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் விற்கிறது, 200 கிராம், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். பக்கத்திலேயே சர்க்கரை போடாத வெறும் யோகர்ட். ஓரத்தைக் கிழித்து, சூடு ஏற்றி, தயிரைக் கொட்டி, ஊரிலிருந்து கொண்டுபோன மாங்காய் ஊறுகாயோடு ஓட்டல் அறைக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். துரை அண்ணன் இதற்கு முன்பே ஏற்பாடாகக் குட்டி ரைஸ் குக்கர் கொண்டுவந்திருந்தார். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கரை அதில் செருகினால் கெட்டுப்போகாது, ஆனால் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் வரும். அரிசி ஒரு மணி நேரம் வெந்நீரில் குளித்துக்கொண்டே இருந்தது. போன் சார்ஜர்கள் பொதுவாக இரண்டு வோல்ட்டுக்கும் ஒத்துப்போகும். தட்டையான இரட்டைக் கால் பிளக்குக்கு அடாப்டர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் சுமக்காதீர்கள்.

அசைவக்காரர்களுக்கு அதிர்ச்சி பில்லில் காத்திருந்தது. இசகாயா என்று சொல்கிற குடி-உணவுக் கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வைத்தார்கள். ஓசி என்று நினைத்து எல்லோரும் காலி செய்துவிட்டார்கள். அது ஓட்டோஷி, உட்கார்ந்ததற்கான காசு, ஆளுக்கு முந்நூறு நானூறு யென். வழக்கம்தான், ஏமாற்று இல்லை. செல்வம் மட்டும் "நாங் கேக்காத பொருளுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கோணும்" என்று நின்றுவிட்டான். டிப்ஸ் கிடையாதே, அதை இதில் கழித்துக்கொள் என்று சொல்லி வெளியே கூட்டிவந்தோம். டிப்ஸ் வைத்தால் மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுத்துவிடுகிறார்கள். காசைக் கையில் நீட்டுவதும் இல்லை, கல்லாவில் சின்னத் தட்டு இருக்கும், அதில் வைக்க வேண்டும்.

இன்னொன்று, நம் 'ஒன் பை டூ' பழக்கம். கியோட்டோவில் ஒரு சின்னக் காபிக் கடையில் நாலு பேர் உட்கார்ந்து இரண்டு காபி கேட்டோம். பெரியவர் மெனுவின் கீழ் வரியை விரலால் காட்டினார்: ஆளுக்கு ஒன்று கட்டாயம். எட்டே நாற்காலி இருக்கும் கடையில் அது நியாயம்தான். கும்பலாகச் சாப்பிட வேண்டுமென்றால் முன்பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் அணி அணியாகத் தெருவின் வெவ்வேறு கடைக்குப் போங்கள். ஒரு டஜன் பேர் ஒரு ராமென் நூடுல்ஸ் கடை வாசலில் நிற்பது, கடைக்காரருக்கும் நமக்கும் பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் தண்டனை.

கழிவறையைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. ஐரோப்பா போய் வந்தவர்கள் காகிதத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்கள். ஜப்பானில் பட்டனை அமுக்கினால் தண்ணீர் வருகிறது, வெந்நீராக. உட்காரும் இடமும் சூடு. எந்தப் பட்டன் எது என்று தெரியாமல் அமுக்கிவிட்டு எழுந்தால் மட்டும் சட்டை நனையும்.

ஹகோனேயில் ஒரு ராத்திரி ரியோகான் விடுதியில் தங்கினோம். பாய் விரித்த அறை, தரையில் மெத்தை, கீழே வெந்நீர் ஊற்றுக் குளியல். ஆன்சென் குளியலில் துணி கூடாது, ஜட்டிகூடக் கூடாது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. இதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தோம். முகம் தெரியாத ஜப்பான்காரர் முன்னால் யாருக்கும் கூச்சம் இல்லை. தினமும் காலையில் சேர்ந்து டீ குடிக்கிறவன் முன்னால்தான் கூச்சம். உடை மாற்றும் அறையில் ஆறு பேர் ஆறு மூலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தோம். கடைசியில் துரை அண்ணன், "ஏண்டா, நொய்யல்ல குதிச்சவனுக தானே எல்லாரும்" என்று சொல்லிவிட்டு முதலில் உள்ளே போனார். குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து, நுரை போக அலசிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். தொட்டி ஊறுவதற்கு மட்டும். கையில் கொடுக்கும் சின்னத் துண்டு தண்ணீரில் படக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். நாற்பது டிகிரிக்கு மேல் சூடு. பி.பி. உள்ளவர்கள் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவது நல்லது, அதுவும் மெதுவாக.

யாரும் எங்களுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இதில் உண்டு. அந்தப் பகுதியின் சில ஊற்றுகள் கந்தகத் தண்ணீர், பால் நிறத்தில் இருக்கும். வெள்ளி பட்டால் கறுத்துவிடும். மணியின் வெள்ளி அரைஞாண் கயிறு பத்து நிமிடத்தில் கருங்கயிறானது. பெண்கள் பக்கத்தில் மெட்டி, கொலுசு எல்லாம் அதே கதி. ஊருக்கு வந்து நகைக்கடையில் பாலிஷ் போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் அந்த ராத்திரி மெட்டி கறுத்ததைப் பார்த்து ஒருவர் அழாத குறை. குளிக்கும் முன் வெள்ளியைக் கழற்றி வையுங்கள், கழற்ற மனசில்லையென்றால் கந்தக ஊற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரோஜா அக்கா முழங்கையில் சின்ன வயதில் பச்சை குத்தியது, ஒரு கோலமும் பெயரும். பச்சை என்றால் அங்கே யாகுசா ரவுடிகளின் அடையாளம் என்று பழைய நினைப்பு. பல குளியலறைகளில் அனுமதி இல்லை. வரவேற்பில் இருந்த பெண் சங்கடத்தோடு தோல் நிற ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா, "என்னையும் ரவுடின்னுட்டாங்களே" என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். கூச்சம் போகவே போகாது என்பவர்களுக்கு, குடும்பத்துக்கு மட்டும் என்று மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற தனிக் குளியலறை பல விடுதிகளில் உண்டு. இன்னொரு எச்சரிக்கை: சில விடுதிகளில் ராத்திரி ஆண்கள் பக்கமாக இருந்தது விடிந்ததும் பெண்கள் பக்கமாக மாறிவிடும், இரண்டு பக்கத்துத் தொட்டியையும் எல்லோரும் அனுபவிக்கட்டும் என்று. வாசல் திரையைக் காலையில் மறுபடி பார்த்துவிட்டு நுழையுங்கள்.

அங்கே கொடுக்கும் யுகாதா அங்கியை, போட்டிருப்பவரின் இடது பக்கம் மேலே வரும்படி கட்ட வேண்டும். வலது மேலே வந்தால் பிணத்துக்குக் கட்டுவது. சாப்பிடும்போது எங்கள் பாலு, குச்சி இரண்டையும் சோற்றில் நட்டு வைத்துவிட்டு போட்டோ எடுக்கத் திரும்பினான். பரிமாறிய அம்மா ஓடி வரவில்லை. தண்ணீர் ஊற்ற வந்தவர் போல வந்து, குச்சிகளை எடுத்து அதற்கான கட்டையில் படுக்க வைத்துவிட்டுப் போனார். நட்டுவைத்த குச்சி இறந்தவருக்குப் படைக்கும் சோறு. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. இறந்தவரை எரித்த பிறகு உறவினர்கள் எலும்பை அப்படித்தான் குச்சியால் எடுத்து மாற்றிக் கலயத்தில் வைக்கிறார்கள். டூர் மேனேஜர் இதைச் சொன்னதும் எங்கள் மேசையில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. காடாற்றும் நாளில் எலும்பு பொறுக்கியவர்கள் எல்லோரும். மற்றபடி நூடுல்ஸைச் சத்தம் போட்டு உறிஞ்சலாம், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூக்குச் சிந்துவதுதான் கூடாது.

கோயில்களில் எங்கள் ஆட்கள் ஊர்க்காரர்களாகிவிட்டார்கள். டோக்கியோ அசாகுசாவில் சென்சோஜி கோயில் முன்னால் பெரிய ஊதுபத்திக் கொப்பரை. ஜனங்கள் புகையைக் கையால் அள்ளித் தலையிலும் தோளிலும் ஒற்றிக்கொள்கிறார்கள். யாரும் சொல்லித் தராமலே நம் பெண்கள் போய் முழங்காலுக்குச் சேர்த்து ஒற்றிக்கொண்டார்கள். உயேனோ குளத்து நடுவில் இருக்கும் பென்சாய்தென், நம் சரஸ்வதிதான். பொதுவாக வீணைக்குப் பதில் பீவா என்கிற ஜப்பான் வாத்தியத்தோடு காட்டுவார்கள். கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி கோயிலின் தோரி என்கிற வாசல் வளைவுகளைப் பார்க்க விடியற்காலை போங்கள். எந்நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை, ஒன்பது மணிக்கு மேல் போனால் வளைவைவிடத் தலைதான் அதிகம் தெரியும். நாரா மான்களுக்கு அங்கே விற்கும் பிஸ்கட்டைத் தவிர வேறு கொடுக்கக் கூடாது. கையில் வைத்துக்கொண்டு ஆசை காட்டினால் புடவையைக் கடித்து இழுக்கும்.

ஹிரோஷிமாவைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. அருங்காட்சியகத்தில் மூன்று வயதுப் பையனின் எரிந்த மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. அங்கே மட்டும் அணி எதுவும் இல்லாமல் அவரவர் தனியாக நடந்தோம். திட்டத்தில் அன்று மாலைக்கு ஷாப்பிங் போட்டிருந்தது, எடுத்துவிட்டோம். அந்த நாளில் வேறு எதையும் வைக்காமல் விடுவதுதான் சரி.

குப்பைத் தொட்டி தேடி அலைந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் பல தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். இருந்தும் தெருவில் ஒரு காகிதம் கிடையாது. அவரவர் குப்பையை அவரவரே வீட்டுக்குச் சுமக்கிறார்கள். பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் எப்போதும் வைத்திருங்கள்.

தொலைந்த பொருள் கிடைக்கும் என்பது எல்லோரும் சொல்கிற கதை. கிடைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. சரோஜா அக்கா இட்லிப் பொடி வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவை ரயிலில் விட்டுவிட்டார். ஸ்டேஷன் அலுவலகத்தில் எந்த ரயில், எத்தனையாவது பெட்டி, டப்பாவின் உயரம், மூடியின் நிறம், உள்ளே என்ன என்று வரிசையாகக் கேள்வி. "சிவப்புப் பொடி" என்றதும் அந்த இளைஞர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். உணவு, காரம், அரிசிப் பலகாரத்தோடு சாப்பிடுவது என்று மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டித் தட்டி விளக்கினோம். மாலையில் டப்பா வந்தது, துணியில் சுற்றி. அரை நாள் அதற்கே போனது. அந்த அணி மட்டும்தான் காத்திருந்தது, மற்ற இரண்டும் ஒசாகா கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தன. கும்பலாக இருந்திருந்தால் ஒரு டப்பாவுக்காக எல்லோரும் உட்கார்ந்திருப்போம்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை சில. சளி மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோகவே கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. வழக்கமான மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம். டூர் பணம் கட்டும்போது ஏஜெண்ட் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார்; அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாக ஏறும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். எங்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, ஏஜெண்ட் கமிஷன் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கஜானா பாலுவிடம். தினமும் காலையில் ஆளுக்கு இவ்வளவு என்று வசூல், டிக்கெட், டாக்ஸி, தண்ணீர் எல்லாம் அதிலிருந்து. அணிக்கு ஒரு பர்ஸ், ராத்திரி கணக்கு ஒப்படைப்பு. நாணயங்கள் ஒரு யென்னிலிருந்து 500 யென் வரை இருக்கின்றன, பை சீக்கிரம் கனத்துவிடும். ஊருக்குக் கொண்டுவந்தால் நோட்டைத்தான் மாற்ற முடியும், நாணயத்தை யாரும் வாங்க மாட்டார்கள். கடைசி நாள் விமான நிலையக் கடையில் சில்லறையைக் கொட்டித் தீர்த்துவிடுங்கள். பாலு அதைச் செய்துவிட்டு, மீதிக்கு வாங்கிய கிட்கேட்டை எல்லோருக்கும் எண்ணிக் கொடுத்தான். செல்வத்துக்கு மட்டும் இரண்டு கூடுதல், ஓட்டோஷி கணக்கில்.